மாற்றிக் கொடுத்த படம்

வடிவின் உத்தியோகம் ஆட்களை ஏமாற்றுவது. திருட்டுத்தனமாக அல்ல. காலை ஒன்பதரைக்குப் போய், பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, ஒரு டீயும் குடித்துவிட்டு முறைப்படி ஏமாற்றுவது. மைசூரில் இப்படி ஒரு வேலை உண்டென்று அவள் பிறந்த மார்டள்ளியில் யாரிடமாவது சொன்னால், அதற்கு எதற்கம்மா ஆபீஸ் என்று கேட்பார்கள்.

சரஸ்வதிபுரத்தில் ஒரு பழைய ஓட்டு வீட்டில் அந்த ஆபீஸ் இருந்தது. 'மனமும் மூளையும்: ஆய்வு மையம்' என்று கன்னடத்திலும் இங்கிலீஷிலும் பலகை தொங்கும். அதைப் பார்த்துத் தலைவலிக்கு மாத்திரை கேட்டு வாரத்துக்கு இரண்டு பேராவது வருவார்கள். வடிவு அங்கே முதலில் சேர்ந்தது பெருக்கித் துடைக்கவும் டீ போடவும்தான். ஆட்களை ஏமாற்றும்போது, ஆராய்ச்சிக்கென்று படித்த பிள்ளைகளுக்குக் கை நடுங்கியதால் அவளுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. கல்யாணமான புதிதில் வீட்டில் உட்கார்ந்து நாளுக்கு ஆயிரக்கணக்கில் ஊதுபத்தி உருட்டிய கை அது. கண் சிமிட்டுவதற்குள் எதையும் எதன் கீழும் நழுவவிடும்.

வேலை இதுதான். மேசைமேல் ஒரு கருப்புத் துணி. எதிரே, ஆராய்ச்சிக்கென்று விருப்பப்பட்டு வந்த ஒருவர். வடிவு இரண்டு அட்டைகளைக் காட்டுவாள். முன்பின் தெரியாத இரண்டு மனிதர்களின் முகங்கள். "இதுல யாரை உங்களுக்குப் புடிச்சிருக்கு?" என்று கேட்பாள். வந்தவர் ஒன்றைத் தொட்டுக் காட்டுவார். வடிவு அட்டைகளைக் குப்புற வைத்து, தொட்டதை அவர் பக்கம் நகர்த்துவாள். ஆனால் அவர் கைக்குப் போவது அவர் தொடாத முகம். முன்னால் தெரிந்த அட்டைக்குப் பின்னால் இன்னொன்று ஒளிந்திருக்கும். அது மட்டும் நகரும். முன்னால் தெரிந்தது, முதுகு கருப்பாக இருப்பதால், துணியோடு துணியாகக் கிடந்துவிடும். பிறகு வடிவு கேட்பாள்: "இவரை எதனால புடிச்சுது?"

பத்துக்கு ஏழெட்டுப் பேர் கூசாமல் காரணம் சொல்வார்கள். ஓர் இன்சூரன்ஸ் அதிகாரி, "எனக்குக் கண்ணாடி போட்டவர்களைக் கண்டாலே ஆகாது, அதனால்தான் இவரை எடுத்தேன்" என்றார். அவர் தொட்டது கண்ணாடி போட்டவரை.

கடைசியில் புரொபசர் முரளிதரன் உள்ளறையிலிருந்து வந்து, "ஏதாவது வித்தியாசமாப் பட்டுதா?" என்று கேட்பார். இல்லை என்பார்கள். அப்புறம் உண்மையைச் சொல்லிவிடுவார். ஏமாற்றினால் அன்றைக்கே ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது அங்கே சட்டம். சிலர் சிரிப்பார்கள், சிலர் முறைப்பார்கள், எல்லோரும் காபி குடித்துவிட்டுப் போவார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் வடிவு புரொபசரிடம் ஒரு நாள் கேட்டுவிட்டாள்.

"அப்ப மனசுங்கறது எங்கதான் சார் இருக்குது?"

முரளிதரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கேள்வி பெரிதானால் அவர் கண்ணாடியில் அழுக்குச் சேர்ந்துவிடும்.

"மூளை இல்லாம மனசு இல்லே, அதுவரைக்கும் தெரியும் வடிவம்மா. தலையில அடிபட்டவாளுக்குக் குணமே மாறிப்போறது, இல்லையா? ஒரு மாத்திரை போட்டா துக்கம் குறையறது. ஆனா ஒரு கிலோ சொச்சம் கொழகொழன்னு இருக்கிற ஒண்ணுலேர்ந்து 'நான்'னு ஒருத்தர் எப்படிக் கிளம்பி வர்றார்னு கேட்டா, நாங்க எல்லாரும் கையை விரிக்கணும்."

"பின்ன இந்தப் படத்த மாத்தி மாத்திக் குடுக்கறது எதுக்குங்க?"

"மாதேஸ்வரன் மலைக்கு பஸ்ல போயிருக்கேளே. டிரைவர் திடீர்னு வேற பாதையில திருப்பறார். பின்னாடி நிக்கற கண்டக்டரை ஜனங்க கேக்கறா, ஏன்பா இந்தப் பக்கம்னு. அவருக்கு என்ன தெரியும்? ஆனா தெரியாதுன்னு சொல்வாரோ? அங்க மரம் விழுந்திருக்குன்னு அடிச்சு விடுவார். அதை அவரே நம்பவும் நம்புவார். மூளையில முடிவு எடுக்கற இடம் டிரைவர். காரணம் சொல்ற இடம் கண்டக்டர். நாம 'என் மனசு'ன்னு சொல்லிக்கறது பெரும்பாலும் கண்டக்டர் பேச்சைத்தான். வலிப்பு நிக்கறதுக்காக மூளையோட ரெண்டு பாதிக்கும் நடுவுல வெட்டி ஆபரேஷன் பண்ணிண்டவாகிட்டயும் டாக்டருங்க சோதிச்சுப் பார்த்திருக்கா. ஒரு பாதி கையை நீட்டும், ஏன் நீட்டினேன்னு தெரியாத இன்னொரு பாதி வாய் கூசாம காரணம் சொல்லும்."

வடிவுக்கு உடனே தன் வீட்டுக்காரர் ஞாபகம் வந்தது. அந்த மனிதரிடம் டிரைவர் இருக்கிறாரா என்பதே அவளுக்குச் சந்தேகம். பார்த்தவரைக்கும் முழுக்கக் கண்டக்டர்தான்.

சீனிவாசன் ஹெப்பாள் பக்கம் ஓர் ஊதுபத்திக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் சரிபார்ப்பவர். மல்லிகைப் பெட்டிக்குள் சந்தனம் போயிருந்தால் பெட்டியைத் திறக்காமலே முகர்ந்து ஓரமாக எடுத்து வைத்துவிடுவார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு பெட்டி தப்பிப் போனதில்லை. அந்தப் பெருமை தலைக்கேறி, தன் வாயிலிருந்து வருகிற வார்த்தையும் அப்படித்தான் என்று முடிவு கட்டிவிட்டார். "சொன்னது சொன்னதுதான்" என்பது அவர்கள் குடியிருந்த கும்பாரகொப்பலில் அவருக்குப் பட்டப்பெயராகவே ஆகிவிட்டது.

ஆறு மாதத்துக்கு முன்னால் அவர் சொன்ன ஒரு வார்த்தைதான் இப்போது வீட்டைப் போட்டு அரித்துக்கொண்டிருந்தது.

அவர்களுடைய ஒரே மகள் மகேஸ்வரி, விஜயநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். கௌதள்ளி ஊர்க்காரர் சேகரனின் மகன் ஹேமந்த், மைசூரிலேயே ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை. இருவருக்கும் பிடித்துப்போய், சேகரன் முறைப்படி பெண் கேட்டு வந்தார். ஊரிலிருந்து சீனிவாசனின் அண்ணன் சுப்பையாவும் வந்திருந்தார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வாய் சும்மா இராமல் சேகரன், "நாம பழகுனவங்கதானுங்களே, அன்னைக்கு அமாவாசைக்கு மாதேஸ்வரன் மலைக்கு ஒரே பஸ்ல போனமே" என்று சொல்லித் தொலைத்தார்.

சீனிவாசன் கையிலிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டார்.

அந்த அமாவாசை நடந்து மூன்று நான்கு வருஷம் இருக்கும்; வடிவு அந்தத் தடவை கூடப் போகவில்லை. எல்லோரும் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு திரிந்த காலம். கொள்ளேகால் பஸ் நிலையத்தில் மலை பஸ்ஸுக்கு அடிதடி. சீனிவாசன் முண்டியடித்து ஏறி, காலியாக இருந்த ஒரு சீட்டில் உட்காரப் போனால், அங்கே ஒரு நீலக் கர்ச்சீப் கிடக்கிறது. ஜன்னல் வழியாகப் போட்ட பையன், மாஸ்க்கும் முகமுமாகப் பின்னாலேயே ஏறி, "அது எங்க எடங்க" என்றான். ஆள் முந்தியா கர்ச்சீப் முந்தியா என்று பெரிய வழக்கு நடந்தது. கண்டக்டர் கர்ச்சீப் பக்கம் தீர்ப்புச் சொன்னார். மூன்று மணி நேரம், அத்தனை கொண்டை ஊசி வளைவுக்கும், சீனிவாசன் நின்றுகொண்டே போய்ச் சேர்ந்தார். அந்தப் பையன்தான் ஹேமந்த்.

"கர்ச்சீப் போட்டு எடம் புடிக்கறவனுக்கு எம் பொண்ணக் குடுக்க மாட்டேன்" என்று, அண்ணன் உட்கார்ந்திருக்க, சம்பந்தி ஆகவேண்டியவர் உட்கார்ந்திருக்க, சொல்லிவிட்டார்.

"ஏனுங்க, ஊரே அப்படித்தானுங்க எடம் புடிக்குது" என்று வடிவு அன்றைக்கு அழாத குறையாகச் சொல்லிப் பார்த்தாள்.

"ஊருக்கா நான் பொண்ணு குடுக்கறேன்?"

ஹேமந்தின் போட்டோவைக்கூட அவர் பார்க்க மறுத்துவிட்டார். அண்ணன் சுப்பையாவுக்கு அது வசதியாகப் போயிற்று. கொள்ளேகாலில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் காளிதாஸ் என்கிற மாப்பிள்ளையைக் கொண்டுவந்தார். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு போன் செய்வேன், சரி என்றால் ஞாயிற்றுக்கிழமையே பூ வைத்து உறுதி செய்துவிடலாம் என்றார். மகேஸ்வரி ஒரு சண்டையும் போடவில்லை. வெள்ளிக்கிழமை காலை, அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, "எனக்கு அவருதான்மா. பேரெ யாரும் பேட" என்றாள். துக்கம் முற்றினால் அவளுக்குத் தமிழைவிடக் கன்னடம் முந்திக்கொள்ளும். வேறு யாரும் வேண்டாமாம். பெற்ற பெண் ஒரு கர்ச்சீப்புக்காகக் காலமெல்லாம் மனசுக்குப் பிடிக்காத வீட்டில் கிடப்பதா என்று வடிவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அந்த ஆத்திரத்தோடுதான் அன்றைக்கு ஆபீஸுக்குப் போனாள். முதலில் வந்த ஆள், தான் தொடாத முகத்துக்கு மூன்று நிமிஷம் காரணம் சொன்னார். கேட்டுக்கொண்டே இருந்த வடிவுக்குப் பொறி தட்டியது. சாயங்காலம் வரும்போது ஸ்டூடியோவில் ஏறி, காளிதாஸ் படம் ஒன்று, ஹேமந்த் படம் இரண்டு, ஒரே அளவில் போட்டு, முதுகில் கருப்பு அட்டை ஒட்டி வாங்கிவந்தாள். காளிதாஸ் முகத்துக்குப் பின்னால் ஒரு ஹேமந்த் ஒளிந்துகொண்டான். இன்னொரு கையில் ஹேமந்த் தனியாக. அவர் தானாகவே ஹேமந்தைத் தொட்டால் தொல்லையே இல்லை. காளிதாஸைத் தொட்டால் கை பார்த்துக்கொள்ளும்.

சனிக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, ரெண்டு பேரு மொகத்தையும் பாக்காமயே ஒருத்தர வேண்டாம்னு சொல்லிப்போட்டீங்கன்னு நாளைக்கு யாரும் பேசக்கூடாது பாருங்க. பேரு சொல்லல. மொகத்த மட்டும் பாத்துச் சொல்லுங்க."

நியாயவான் என்று யாராவது தன்னைச் சொல்லிவிட்டால் சீனிவாசனுக்கு உள்ளங்கால் வரைக்கும் குளிரும். முகம் கழுவி, திருநீறு வைத்து, நீதிபதி மாதிரி வந்து மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"எதுக்கு புள்ள சபரிமலைக்குக் கட்டற கருப்பு வேட்டிய மேசையில விரிச்சு வச்சிருக்கற?"

"மேசையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்குங்க."

வடிவு இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். ஆபீஸில் நானூறு ஐந்நூறு தடவை மாற்றியும் நடுங்காத கை, கட்டின புருஷனுக்கு முன்னால் தந்தியடித்தது. சீனிவாசன் ஒரே ஒரு பார்வைதான் பார்த்தார். காளிதாஸைத் தொட்டார். குப்புற வைத்தாள், நகர்த்தினாள். வேட்டியோடு வேட்டியாகக் காளிதாஸ் கிடந்துவிட்டான்.

சீனிவாசன் அட்டையைத் திருப்பினார்.

படத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். கிட்டத்தில் கொண்டுவந்தார். அப்புறம் இடது உள்ளங்கையை எடுத்து, படத்தில் இருந்த முகத்தின் கீழ்ப்பாதியை மூடினார். கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். கையை எடுத்தார். வடிவை ஒருதரம் பார்த்தார். காதைச் சொறிந்தார்.

"இவர எதனாலங்க புடிச்சுது?" என்றாள். ஆபீஸ் குரல் தானாகவே வந்துவிட்டது.

"எதனாலயா?" சீனிவாசன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "கண்ணப் பாரு. எதிராளிய நேராப் பாக்கற கண்ணு. சட்டைப் பொத்தான் கழுத்து வரைக்கும் போட்டிருக்கான், பொறுப்பானவன். இந்தக் காது எங்கப்பாவுக்கு இருந்த காது. முக்கியமா ஒண்ணு, இது காலு வலிச்சாலும் வெளிய சொல்லாத மொகம்."

கால் எங்கிருந்து வந்தது என்று வடிவுக்குப் புரியவில்லை. படம் மார்பு வரைக்கும்தான் இருந்தது. ஆனால் ஆபீஸில் இதைவிடக் கோணலான காரணமெல்லாம் கேட்டிருக்கிறாள். கண்டக்டர் பிரமாதமாக வேலை செய்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

"நெசமாவே இவருதானுங்களா? அப்பறம் மாத்தமாட்டீங்களே?"

"சொன்னது சொன்னதுதான்."

"இது ஹேமந்துங்க."

சீனிவாசன் எழுந்தார். உட்கார்ந்தார். "அட, அந்தக் கர்ச்சீப்பா!" என்று தலையில் அடித்துக்கொண்டார். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த மகேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள். சரியாக ஐந்து மணிக்கு போன் அடித்தது. "ணா, மொகத்தப் பாத்து ஒரு வார்த்த சொல்லிப்போட்டேன். இனி அத மாத்தறதுக்கு இல்லைங்ணா" என்று சீனிவாசன் சொன்னதும், மறுமுனையில் சுப்பையா போட்ட சத்தம் அடுக்களை வரைக்கும் கேட்டது. சீனிவாசன் போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட மனிதருக்கு வேறு என்ன வழி?

அன்றைக்கு மகேஸ்வரி ஆறு மாதத்துக்கும் சேர்த்துச் சாப்பிட்டாள்.

வடிவுக்குத்தான் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சீனிவாசன் தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம், முகத்தைப் பார்த்தே மாப்பிள்ளையைத் தேர்ந்தெடுத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்கக் கேட்க அவளுக்கு உள்ளே குடைந்தது. முன்பின் தெரியாத ஆளை ஏமாற்றினால்கூட அன்றைக்கே உண்மையைச் சொல்லிக் காபி கொடுக்கிறோம். இருபத்தைந்து வருஷம் கூடவே இருக்கிற மனுஷனுக்கு அதுகூட இல்லையா என்று நினைத்தாள். சொன்னால் மனிதர் கல்யாணத்தையே நிறுத்திவிட்டால்? சொல்லாமல் விட்டால், காலமெல்லாம் அவர் சொல்லித் திரியப்போகிற பெருமைக் கதை முழுக்கத் தான் செய்த பித்தலாட்டம். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

திங்கட்கிழமை ஆபீஸுக்கு கௌரம்மா என்று ஓர் அம்மாள் வந்தார். ரிடையரான தலைமை ஆசிரியை; வெள்ளைப் புடவை, கணீரென்ற கன்னடம். வடிவு படத்தை மாற்றிக் கொடுத்தாள். கௌரம்மா ஒரு விநாடி நிறுத்தி, பிறகு அழகாகக் காரணம் சொன்னார். புரொபசர் வந்து, வித்தியாசமாக ஏதாவது தெரிந்ததா என்று கேட்டபோது, ஒன்றுமில்லை என்றார். உண்மையைச் சொன்னதும், அடடா என்று ஆச்சரியப்பட்டார். அப்புறம், காபி தம்ளரைத் தானே கழுவுவேன் என்று அடுக்களைக்கு வந்து, வடிவின் காதோடு சொன்னார்.

"நீ தப்பான அட்டையைக் கொடுத்துட்டேன்னு எனக்கு அப்பவே தெரியும்மா. உள்ளே சார் இருக்கார். நான் வாயைத் திறந்தா உனக்குத்தானே திட்டு விழும், பாபம்னு கையில இருந்ததுக்கே ஒரு காரணத்தைச் சொல்லிட்டேன். அப்புறம் சார் கேட்டபோது மட்டும் எப்படிக் காட்டிக் கொடுக்கறது?"

வடிவின் கையிலிருந்த தம்ளர் நழுவித் தொட்டியில் விழுந்தது. நேராகப் போய் புரொபசரிடம் சொல்லிவிட்டாள். முரளிதரன் கண்ணாடியைக் கழற்றினார். அறுபத்துநான்கு பேரை வைத்து எழுதிய கட்டுரை மேசைமேல் இருந்தது.

"அப்போ இத்தனை பேர்ல எத்தனை பேர் நிஜமாவே ஏமாந்தா, எத்தனை பேர் மரியாதைக்கு ஏமாந்தா?"

"நம்ம ஊர்ல யாரு சார் மொகத்துக்கு நேரா நீ தப்பாக் குடுத்துட்டன்னு சொல்லுவாங்க?"

முரளிதரன் உடனே பழைய ஆட்கள் மூன்று பேருக்கு போன் போட்டார். மூன்று பேரும் ஒரே குரலில், தங்களுக்கு அப்போதே தெரியும் என்றார்கள். கண்ணாடிக்காரர்களைக் கண்டாலே ஆகாத இன்சூரன்ஸ் அதிகாரியும் அதில் ஒருவர். போனை வைத்துவிட்டுப் புரொபசர் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

"இதுல ஒரு கஷ்டம் இருக்கு வடிவம்மா. ஏமாத்தினோம்னு தெரிஞ்சப்புறம் கேட்டா, எனக்கு முன்னாடியே தெரியும்னுதானே எல்லாரும் சொல்வா? அதுவும் கண்டக்டர் பேச்சாவே இருக்கலாம். நிஜமாத் தெரிஞ்சுதா, தெரிஞ்ச மாதிரி இப்போ தோணறதான்னு அவாளுக்கே தெரியாது." மேசைமேல் இருந்த கருப்புத் துணியில் அப்படியே நெற்றியை வைத்துக்கொண்டார். "எல்லாத்தையும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

வடிவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் அவள் யோசனை முழுவதும் கும்பாரகொப்பலில் இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது சீனிவாசன் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து, ஊறவைத்த அவரைக்கொட்டையைத் தோல் பிதுக்கிக்கொண்டிருந்தார். மகேஸ்வரி மாடியில் யாருடனோ போனில் சிரித்துக்கொண்டிருந்தாள். யாருடன் என்று கேட்கத் தேவையில்லை. வடிவு எதிரே உட்கார்ந்து, தானும் ஒரு கை கொட்டையை எடுத்துக்கொண்டாள். பிறகு ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

"ஏனுங்க, நீங்க அன்னைக்குத் தொட்டது காளிதாஸத்தானுங்க. நான்தான் படத்த மாத்திக் குடுத்துட்டேன்."

சீனிவாசன் தலையைத் தூக்கவே இல்லை.

"தெரியும்."

"என்னங்க தெரியும்?"

"ஏம்புள்ள, இருவத்திரண்டு வருசமா பெட்டிக்குள்ள மாறிப்போனத எடுத்து வைக்கறதுதான எனக்கு வேலையே. மல்லிகையைத் தொட்டவன் கையில சந்தனத்தக் குடுத்தாத் தெரியாதா? அந்த முதப் பையனுக்கு முறுக்கு மீசை. எங்கிட்ட வந்தவனுக்கு மீசைய ஒட்ட வெட்டியிருந்துது."

வடிவுக்கு ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது. அடுத்த நிமிஷமே புரொபசர் சொன்னது ஞாபகம் வந்தது. எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள். அதுவும் இவர், ஏமாந்தேன் என்று வாழ்நாளில் ஒப்புக்கொள்ளாத பிறவி. வேட்டியை மடித்து வைத்தபோது காளிதாஸ் கண்ணில் பட்டு, மீசையை அப்போது பார்த்திருக்கலாம்.

"தெரிஞ்சா அப்பவே கேக்க வேண்டியதுதானுங்களே."

சீனிவாசன் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு உள்ளங்கையைத் தன் மூக்குக்கும் வாய்க்கும் குறுக்கே வைத்துக்கொண்டார். கண் மட்டும் தெரிந்தது.

"அன்னைக்கு பஸ்ல அவன இப்படித்தான பாத்தேன். படத்துல மூடிப் பாத்தேன், அதே கண்ணு. மூணு மணி நேரம் அந்தக் கண்ணையே பாத்துட்டுத்தான புள்ள போனேன்."

"உக்காந்துட்டுப் போறவன் கண்ண நீங்க நின்னுட்டு எதுக்குப் பாக்கோணும்?"

"உக்காந்தது அவனில்ல. அவங்கம்மா. அந்தம்மாளுக்குக் காலு வீங்கிக் கெடந்துது. கர்ச்சீப் போட்டது அதுக்குத்தான். அவன் எம் பக்கத்துலயேதான் கம்பியப் புடிச்சுட்டு நின்னுட்டு வந்தான். வளைவுல நான் சாயறப்பெல்லாம் தோளு குடுத்தான். எறங்கறப்ப, மன்னிச்சுக்கங்கன்னு வேற சொல்லிப்போட்டுப் போனான்."

நான்கு வருஷமாக ஊர் முழுக்கச் சொன்ன கதையில் இந்த மனிதர் பாதியை முழுங்கியிருக்கிறார். கால் வலித்தாலும் வெளியே சொல்லாத முகம் எங்கிருந்து வந்தது என்று இப்போதுதான் வடிவுக்கு விளங்கியது. மீசையை எப்போது பார்த்தாரோ அது அவருக்கே வெளிச்சம். அந்த உள்ளங்கையை மட்டும் அவள் அன்றைக்கே தன் கண்ணால் பார்த்திருந்தாள்.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா எம்புள்ள ஆறு மாசம் அழுதிருக்க மாட்டாளே! உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்குதுங்களா?"

"இருக்கப் போயித்தான்" என்றார் சீனிவாசன். குரல் இறங்கியிருந்தது. "கோவத்துல வந்துருச்சு. அண்ணன் முன்னால, சேகரன் முன்னால சொல்லிப்போட்டேன். அடுத்த நாளே எனக்குத் தூக்கமில்ல. எப்படி எறங்கறதுன்னு தெரியல. நீ அந்தப் படத்தத் தள்ளுனப்ப, என்னய எறக்கி உடறதுக்கு நீதான் ஒரு வழி பண்றயின்னு தெரிஞ்சுது. உங்கையி நடுங்குச்சு. பாக்கப் பாவமா இருந்துது. சரி, ஏமாந்தவனாவே இருந்துக்கறேன்னு இருந்துட்டேன்."

வடிவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இரண்டையும் முந்தானையில் துடைத்துக்கொண்டாள். மறுபடியும் அவரைக்கொட்டையை எடுத்துப் பிதுக்கினாள்.

"புள்ள."

"என்னங்க?"

"நம்ம கல்யாணம் பேசுனப்ப உனக்கு ஒரு போட்டோதான காட்டுனாங்க? எம்பட போட்டோ மட்டும்."

"ஆமாங்க. அதுவும் குரூப் போட்டோ. மூணாவதா நிக்கறவருன்னு சொன்னாங்க."

"ரெண்டு காட்டியிருந்தா?"

கேட்டுவிட்டு, ஒரு கொட்டையை வைத்துக்கொண்டு வெகு நேரமாகப் பிதுக்கிக்கொண்டிருந்தார். அதில் பருப்பு எப்போதோ வெளியே போயிருந்தது. இருபத்தைந்து வருஷமாக இந்தக் கேள்வியை இவர் உள்ளேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறார் என்று வடிவுக்குத் தெரிந்தது.

"உங்களத்தானுங்க தொட்டிருப்பேன்" என்றாள்.

"எதனால?"

அது அவளுடைய கேள்வி. எத்தனையோ பேரிடம் அவள் கேட்டது. அதற்கு வருகிற பதிலெல்லாம் எப்படித் தயாராகிறது என்று மைசூரிலேயே அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். முதலில் கை நீட்டும், அப்புறம்தான் காரணம் வரும். இவள் விஷயத்தில் கை நீட்டக்கூட யாரும் விடவில்லை. எடுத்து மடியில் போட்டார்கள். இப்போது அவள் சொல்லப்போவதெல்லாம் இருபத்தைந்து வருஷம் கூடவே வந்து சேர்த்துக்கொண்டதுதான். அதனால் அது பொய்யா என்று புரொபசரைக் கேட்டால் கண்ணாடியைத் துடைப்பார்.

வடிவு ஒரு கை கொட்டையை அள்ளிக்கொண்டு, சுவரில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"மொதல்ல, அந்தக் கண்ணுங்க. எதிராளிய நேராப் பாக்கற கண்ணு" என்றாள்.

சீனிவாசன் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"அப்பறம்?" என்றார்.